பாசித் தாம்பூலம்

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ட்ரிங். நிலையம் ஓரிடத்தில் இருக்கிறது, ஊர் வெகுதூரம் தள்ளி இன்னோரிடத்தில் இருக்கிறது. நமக்கு ஊர் வேண்டியதில்லை. நிலையத்துக்குப் பக்கத்திலேயே கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது. ஒரு காலத்தில் படகுகளை இழுத்துச் சென்ற குதிரைகள் நடந்த கரைப்பாதை இன்றும் நடக்க வசதியாக இருக்கிறது. அதைப் பிடித்து வடக்கே போனால் மார்ஸ்வொர்த் கிராமமும், நான் பார்க்க வந்த நீர்த்தேக்கங்களும் வந்துவிடும். மார்ஸ்வொர்த், ஸ்டார்டாப்ஸ் எண்ட், ட்ரிங்ஃபோர்ட், வில்ஸ்டன் என்று மொத்தம் நான்கு.

இவை பாசன ஏரிகள் அல்ல, குடிநீர் ஏரிகளும் அல்ல. கால்வாய்க்குத் தண்ணீர் ஊட்டுவதற்காகவே உண்டாக்கியவை. லண்டனையும் நடு இங்கிலாந்தின் தொழில் நகரங்களையும் இணைத்த அந்தக் கால்வாய் இந்த இடத்தில் சில்ட்டர்ன் குன்றுகளைத் தாண்ட வேண்டியிருந்தது. படகைப் படிப்படியாக மேலே ஏற்றி மறுபக்கம் இறக்குவதற்கு மதகுகள் வைத்தார்கள். ஒவ்வொரு படகு போகும்போதும் உச்சியில் இருக்கும் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்துவிடும். அதை ஈடுகட்ட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை அமைத்தார்கள். பிறகு ரயில் வந்து கால்வாயின் பிழைப்பைக் கெடுத்தது. தண்ணீரும் நாணலும் மீனும் மட்டும் தங்கிவிட்டன. நம் வேடந்தாங்கலும் பாசனத்துக்காக மனிதர் கட்டிய ஏரிதான். பறவைகள் பத்திரம் பார்த்துக் குடியேறுவதில்லை.

ஏப்ரல் முதல் வாரம். நாள்காட்டிப்படி வசந்தம் வந்தாயிற்று, காற்றுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை. லண்டனில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா மகன் துணைக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்ற வருத்தம் அவன் முகத்தில் இருந்தது. கரையோரத் தேநீர்க்கடையில் சூடாக ஏதோ உள்ளே போன பிறகுதான் பைனாகுலரைக் கையில் வாங்கினான்.

"மாமா, அதோ அது நம்ம ஊர் முக்குளிப்பானுக்குப் பெரியப்பா மகனா?"

சரியாகத்தான் கேட்டான். நம் குளங்களில் உருண்டையாக மிதந்து, ஆள் நிழல் பட்டதும் முங்கிவிடும் சின்ன முக்குளிப்பானின் உறவுதான் அது. பெயர் கொண்டை முக்குளிப்பான். இந்தியாவின் வடபகுதி ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும், நம் பக்கம் பார்ப்பது அரிது. ஆனால் அங்கே வரும்போது அது சாதாரண உடையில் இருக்கும். கல்யாண உடையில் பார்க்க வேண்டுமானால் வசந்தத்தில் இந்தப் பக்கம் வரலாம். மெலிந்து நீண்ட வெள்ளைக் கழுத்து, தலையில் இரண்டாகப் பிரிந்து நிற்கும் கறுப்புக் கொண்டை, கன்னங்களைச் சுற்றிச் செம்பழுப்பில் தொடங்கிக் கறுப்பில் முடியும் பிடரிச் சிலுப்பல், இரத்தச் சிவப்பில் கண். அலகு குத்துவாளேதான். ஆணும் பெண்ணும் இதே கோலம். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஆண் கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம், அவ்வளவுதான். இந்த ஒற்றுமை பின்னால் ஒரு பெரிய கேள்வியாக ஆனது. அதற்கு முன் இந்தப் பறவையின் உயிருக்கே உலை வைத்தது அதன் அழகு.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கு இறகுப் பித்து பிடித்தது. முக்குளிப்பானின் மார்பிலும் வயிற்றிலும் இறகுகள் பட்டாக மின்னும், நெருக்கமாக இருக்கும், தண்ணீர் ஒட்டாது. தோலோடு உரித்து, விலங்கு உரோமத்துக்கு மாற்றாகக் கையுறைப் பைகளுக்கும் தோள் போர்வைகளுக்கும் வைத்துத் தைத்தார்கள். பிடரிச் சிலுப்பல் தொப்பிகளுக்குப் போனது. குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் அந்த இறகு நன்றாக இருக்கும் என்பதால் வேட்டையும் அந்தக் காலத்தில்தான். 1860 வாக்கில் இங்கிலாந்தில் மிஞ்சியிருந்தவை ஐம்பது ஜோடிகளுக்கும் குறைவு.

காப்பாற்றக் கிளம்பியவர்களும் பெண்களே. மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்பவர் 1889இல் தன் வீட்டில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணிவதில்லை என்பது உறுப்பினர் ஏற்க வேண்டிய உறுதி. நெருப்புக்கோழிக்கு மட்டும் விலக்கு. நாட்டின் பறவையியலாளர் சங்கம் அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அறிஞர்கள் முட்டையும் தோலும் சேகரித்துக்கொண்டிருந்தபோது, சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள் பறவையைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டுச் சங்கம்தான் 1904இல் அரச சாசனம் பெற்று, இன்று ஆர்.எஸ்.பி.பி. என்று நாடு முழுக்கத் தெரிந்த பெரிய அமைப்பாக நிற்கிறது. இறகு இறக்குமதிக்குத் தடை 1921இல் வந்தது. அதற்குள் உள்நாட்டில் முக்குளிப்பான்கள் மெல்லத் தலையெடுத்துவிட்டன. பிற்பாடு மணலும் சரளையும் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நின்று, அவற்றுக்குப் புதுப்புது ஏரிகள் கிடைத்தன. இன்று பிரிட்டனில் நாலாயிரத்துக்கு மேல் ஜோடிகள்.

துப்பாக்கி இறங்கியதும் நோட்டுப் புத்தகம் வந்தது. இதற்கு எட்மண்ட் செலூஸை விட நல்ல சாட்சி இல்லை. அவருடைய அண்ணன் ஃப்ரெடெரிக் செலூஸ் ஆப்பிரிக்காவில் யானையும் சிங்கமும் சுட்டுப் பேர் வாங்கியவர். தம்பியோ கொல்வதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து பறவை என்ன செய்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் எழுதினார். முக்குளிப்பான்களின் குடித்தனத்தைப் பற்றி 1901இலேயே நாட்குறிப்பாக வெளியிட்டார். அதன் பிறகு 1912 வசந்தத்தில் இதே ட்ரிங் கரைக்கு இரண்டு வார விடுமுறையில் ஓர் இளைஞர் வந்தார். பெயர் ஜூலியன் ஹக்ஸ்லி. டார்வினுக்காக மேடை மேடையாகச் சண்டை போட்ட தாமஸ் ஹக்ஸ்லியின் பேரன். பின்னாளில் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர். அப்போது வயது 24. கூட வந்தது சகோதரர் ட்ரெவனன். அந்த விடுமுறையில் எடுத்த குறிப்புகள் 1914இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரையாக வந்தன. விலங்குகளின் நடத்தையைப் படிக்கும் துறை தன் தொடக்கப் பக்கங்களில் ஒன்றாக இன்றும் அதைக் காட்டுகிறது.

அவர்கள் உட்கார்ந்த கரை எது என்று தேடும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் அவர்கள் பார்த்ததை நானும் பார்க்க வேண்டும். ஸ்டார்டாப்ஸுக்கும் மார்ஸ்வொர்த்துக்கும் நடுவே ஒரு கரைப்பாதை போகிறது. அங்கே தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி ஒரு முதியவர் நின்றிருந்தார். "தலையாட்டுவதைப் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். பாசி வரும்வரை நில்லுங்கள்" என்று தானாகவே சொன்னார். நின்றோம்.

முதலில் தலையாட்டல். இரண்டும் எதிரெதிரே வந்து, கழுத்தை நிமிர்த்தி, சிலுப்பலை விரித்து, தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டும். பிறகு மெதுவாக. நடுநடுவே ஒன்று தலையைத் திருப்பி முதுகு இறகு ஒன்றை அலகால் லேசாகத் தூக்கி விடும். இறகு கோதுவதாகத் தெரியும், ஆனால் கோதவில்லை. கோதும் பாவனை. தினசரி வேலையின் ஒரு துண்டு சடங்காகிவிட்டது. மற்றதும் அதையே திருப்பிச் செய்யும். அக்கா மகன் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "ஒரே தலையாட்டலா இருக்கே மாமா, ஆபீஸ் மீட்டிங் மாதிரி" என்றான்.

தூரத்தில் வேறொரு ஜோடி பிரிந்திருந்தது. ஒன்று தொண்டையிலிருந்து கரகரவென்று அழைத்தது. மற்றது தண்ணீருக்குள் முங்கியது. அழைத்தது உடனே இறக்கைகளை இரண்டு பக்கமும் விரித்து, வெள்ளைப் பட்டைகள் தெரிய, தலையை உள்ளிழுத்துத் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டது. ஹக்ஸ்லி இதற்குப் பூனைக் கோலம் என்று பெயர் வைத்தார். முங்கியது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வருவதால் மேலே ஒரு சுழிப்புக் கோடு நீண்டுகொண்டே வந்தது. பிறகு துணைக்கு அப்பால், முதுகைக் காட்டியபடி, செங்குத்தாக மேலே எழுந்தது. உயர்ந்துகொண்டே போய், கடைசியில் மெல்லத் திரும்பித் துணையைப் பார்த்தது. இதை ஹக்ஸ்லி பேய்ப் பெங்குவின் என்று எழுதினார். பகலில் பார்த்தும் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

பாசி வந்தது பிற்பகலில். எங்களுக்கு அருகில் இருந்த ஜோடி வழக்கமான தலையாட்டலை முடித்துவிட்டு ஒன்றுக்கொன்று முதுகு காட்டி விலகியது. அவசரமில்லாத நீச்சல். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முங்கின. முதலில் மேலே வந்தது அலகில் கறுத்த பாசிக் கொத்து ஒன்றைக் கவ்வியிருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டே. மற்றது வெளியே வந்ததும் அதன் அலகிலும் பாசி. கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றை நோக்கி ஒன்று நேராக வந்தன. மோதிவிடும் என்று தோன்றிய நொடியில் இரண்டும் எழுந்தன. காலால் தண்ணீரைத் துழாவித் துழாவி, மார்போடு மார்பு உரச, உடல் முழுதும் நீருக்கு மேலே. அலகில் தாம்பூலம் ஏந்திய சம்பந்திகளாகத் தலையை இடமும் வலமும் அசைத்தன. சில நொடிகள்தான். பிறகு பழையபடி அமர்ந்து, பாசியை நழுவ விட்டு, மறுபடி தலையாட்டின.

"யப்பா" என்றான் அக்கா மகன். அதற்குப் பிறகு அவன் ஆபீஸைப் பற்றிப் பேசவில்லை.

இதில்தான் ஹக்ஸ்லிக்கு முடிச்சு விழுந்தது. டார்வின் சொன்ன கணக்குப்படி ஆண் பறவை அலங்காரம் செய்துகொண்டு ஆடும், பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். மயிலுக்கு அது பொருந்தும். இங்கே இரண்டும் ஒரே அலங்காரம், இரண்டும் ஒரே ஆட்டம், யார் முதலில் தொடங்குவது என்பதற்கும் விதி கிடையாது. அதைவிட வேடிக்கை, இந்த ஜோடிகளில் பெரும்பாலானவை குளிர்கால நடுவிலேயே சேர்ந்துவிட்டவை. நிச்சயமாகிப் பல வாரம் கழித்தும் ஏன் இவ்வளவு சடங்கு? அலங்காரம் இரு பாலிலும் வளர, இருவரும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று ஹக்ஸ்லி வாதிட்டார். நடனத்தின் வேலை துணையைப் பிடிப்பது அல்ல, சேர்ந்தவர்களைச் சேர்த்தே வைத்திருப்பது என்றார். நம் பாஷையில் சொன்னால், கல்யாணத்துக்குப் பின் நடக்கும் காதல்.

பின்வந்தவர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள், எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. குத்துவாள் அலகு வைத்திருக்கும் இரண்டு பறவைகள் நெருங்கி வருவது சாதாரண விஷயமல்ல. வேறொரு முக்குளிப்பான் எல்லைக்குள் வந்தால் அதே அலகுதான் பாயும், நீருக்கடியில் போய் வயிற்றில் குத்தும். துணைக்கும் துணைக்கும் இடையில்கூட அந்தப் பயம் முழுசாகப் போவதில்லை. கிட்டே வர வேண்டும், தள்ளியும் போக வேண்டும் என்ற இழுபறிதான் இந்த ஆட்டங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தலையாட்டலும் 'நான்தான், குத்த வரவில்லை' என்ற அறிவிப்பு. அன்புக்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் மனிதர்களிடம் அதிகம் கேட்டதில்லை.

பாசிக்கு விளக்கம் எளிது. அது கூட்டுச் சாமான். கூடு கட்டும் பொருளை எடுத்துவரும் செயல், கூடு கட்டத் தொடங்குவதற்கு முன்பே சடங்காகிவிட்டது. உண்மையான கூடு பார்க்க இந்தச் சடங்கின் பகட்டில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நாணல் ஓரத்தில் அப்படி ஒன்றை முதியவரின் தொலைநோக்கியில் பார்த்தேன். அழுகிய தண்டும் இலையும் பாசியும் குவிந்த ஈரமேடு. நாணல் தண்டுகளிலோ தண்ணீரில் தாழ்ந்த மரக்கிளையிலோ பிணைத்திருப்பதால் மிதந்தபடியே ஒரே இடத்தில் நிற்கும். நீர்மட்டம் ஏறினால் அதுவும் ஏறும். இரண்டு பறவைகளும் மாறி மாறிச் சுமந்து வந்து குவிக்கின்றன. முக்குளிப்பானுக்குக் கால் உடம்பின் கடைக்கோடியில். தண்ணீரில் அது துடுப்பு, தரையில் தொல்லை. அதனால் வாசலே தண்ணீரில் இருக்கும்படி வீடு.

முதலில் போடும் மேடை முட்டைக்கல்ல, இணை சேர்வதற்கு. தண்ணீருக்குள் அவற்றால் சேர முடியாது. ஒன்று மேடையில் ஏறிக் கழுத்தை நீட்டிப் படுத்து அழைக்கும். அழைப்பது ஆணாகவும் இருக்கும், மேலே ஏறுவது பெண்ணாகவும் இருக்கும். செலூஸ் இதை எழுதியபோது படித்தவர்களின் புருவம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். பிறகு முட்டைகள், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. இட்டபோது சுண்ணாம்பு வெள்ளை. தாய் தந்தை எழுந்து போகும்போதெல்லாம் ஈரப் பாசியால் மூடிவிட்டுப் போவதால் சில நாளில் அழுக்குப் பழுப்பாகிவிடும். காகத்தின் கண்ணுக்குக் கூடு வெறும் குப்பை. நான்கு வாரம் இருவரும் முறை வைத்து அடைகாக்கிறார்கள்.

முக்குளிப்பான்கள் இவ்வளவு நாசூக்காகக் குடித்தனம் நடத்த, பக்கத்திலேயே நாமக்கோழிகள் தெருச்சண்டை. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நம் ஏரிகளில் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகச் சாதுவாக மிதக்கும் அதே இனம்தான். இனப்பெருக்க காலத்தில் வேறு ஆள். எல்லைத் தகராறு என்றால் வாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து, இரண்டு கால்களாலும் எதிரியின் நெஞ்சில் உதைக்கும். ஒன்றை ஒன்று தண்ணீரில் அமுக்கப் பார்க்கும். கூட்டுக்குச் சாமான் கொண்டுவருவது பெரும்பாலும் ஆண், அடுக்குவது பெண். கிடைத்ததெல்லாம் சாமான். ஆம்ஸ்டர்டாம் நகரின் நடுவே ரோக்கின் கால்வாயில் நாமக்கோழிகள் ஆண்டாண்டாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய ஒரு கூட்டை ஆராய்ச்சியாளர்கள் பிரித்தார்கள். அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் இருந்தது. மேலே கோவிட் கால முகக்கவசங்கள், அடியில் 1994 உலகக் கோப்பைக் கால்பந்து விளம்பரம் அச்சிட்ட மார்ஸ் சாக்லேட் உறை. கீழடியில் பானை ஓட்டை வைத்துச் செய்ததை அங்கே சாக்லேட் உறையை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அன்னங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டை நடுவில் உட்கார்ந்திருக்க, ஆண் நாணலைப் பிய்த்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துகொண்டே வருகிறது. மேடு வளர்கிறது. கிட்டே போனால் சீறுகிறது. இங்கிலாந்தில் அதற்கு அரச மரியாதை வேறு.

நம் ஊரில் நீர்ப்பறவைக்கு நாள் குறிப்பது மழை. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் வேடந்தாங்கலில் கூடு. மழை பொய்த்தால் மரங்கள் காலி. இங்கே மழைக்கு வருடம் முழுவதும் வேலை இருக்கிறது, அதனால் அது எந்த முகூர்த்தத்தையும் குறிப்பதில்லை. நாள் குறிப்பது பகலின் நீளம். குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்கிய பகல் பிப்ரவரி, மார்ச் என்று நீள நீள, அந்த வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே இருக்கும் ஒளி உணரிகளை எட்டுகிறது. கண் வழியாக அல்ல. சுருங்கிக் கிடந்த இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்குகின்றன. கனடாவில் வில்லியம் ரோவன் 1920களில் உறைபனிக் காலத்தில் கூண்டுக் குருவிகளுக்கு மின்விளக்கால் பகலை நீட்டியே இதைக் காட்டினார். அந்தக் காலையில் எனக்கு விறைத்த குளிர் முக்குளிப்பானுக்கு ஒரு பொருட்டில்லை. அது வெப்பமானியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துவிட்டது.

திரும்பும் வழியில் ஊருக்குள் போனதற்குக் காரணம் அருங்காட்சியகம். வால்டர் ராத்ஸ்சைல்டு என்ற செல்வந்தர், வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி ஓட்டியவர், 1892இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சேகரிப்பு. இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளை. நாட்டின் பறவைத் தோல் சேகரிப்பும் இங்கேதான், நமக்குத் தெரியாத பின்கட்டில். 2009 ஜூனில் ஒரு இளைஞன் இரவில் சன்னலை உடைத்து உள்ளே போய் 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு ரயிலேறிப் போனான். மீன் தூண்டிலுக்கான அலங்கார ஈக்கள் கட்டுபவர்களிடம் அந்த இறகுகளுக்கு ஏக கிராக்கி. ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் சேகரித்தவையும் அதில் அடக்கம். பிடிபட்டபோது பாதிக்கு மேல் முழுசாகக் கிடைத்தன. ஆனால் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டு போய்விட்டது. எங்கே, எப்போது பிடித்தது என்ற குறிப்பு இல்லாத தோலால் ஆராய்ச்சிக்குப் பெரிய பயன் கிடையாது. தொப்பி போனாலும் இறகு ஆசை போகவில்லை என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு ஜூன் மாதத்தில் அக்கா மகனே தனியாக மறுபடி போயிருக்கிறான். வாட்ஸப்பில் காணொளி வந்தது. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட குஞ்சுகள் ஒரு பறவையின் முதுகிறகுக்குள்ளிருந்து தலையை நீட்ட, மற்றது மீன் கொண்டுவருகிறது. ஒரு குஞ்சுக்கு மீனுக்குப் பதில் இறகு கிடைத்தது. இறகை எதற்கு ஊட்டுகிறது என்று கேட்டிருந்தான். தன் மார்பிலிருந்தே பிடுங்கி ஊட்டும், வயிற்றுக்குள் அது பஞ்சுருண்டையாக இருந்து மீன்முள் குடலைக் கிழிக்காமல் பிடித்துக்கொள்ளும் என்று பதில் போட்டேன். கொஞ்சம் வளர்ந்ததும் பெற்றோர் குஞ்சுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லக் குஞ்சு உண்டு, அதற்குத்தான் முதல் மீன் என்பதையும் சேர்த்தேன்.

"எங்க வீட்லயும் அதே கதைதான் மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று பதில் வந்தது.